இலவு பூத்த மாசி

சின்னக்கருப்புவின் கருமாதிக்கு உடம்பு இல்லை. மலைமேல் அணை வேலைக்குப் போனவன் பங்குனியில் காய்ச்சல் கண்டு செத்து, அங்கேயே ஏதோ ஒரு குழியில் மண்ணாகிப் போனான். சித்திரை பிறந்து எட்டாம் நாள்தான் சேதி கூடலூருக்கு இறங்கி வந்தது. கூடவே அவன் போர்த்திய கம்பளியும் வந்தது. அந்தக் கம்பளியைப் பாயில் நீளவாக்கில் விரித்து, தலைமாட்டில் விளக்கு வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அழுதார்கள். அழுகை ஓய்ந்த நேரத்தில் தெருவில் மூத்த விதவை ஒருத்தி செம்புத் தண்ணீரோடு வந்து, அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சியின் காதருகே குனிந்தாள்.

"ஏத்தா, பூப் போடணுமா?"

கட்டினவன் செத்துக் கிடக்கும்போது பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருந்தால் அதை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்வதில்லை. செம்புத் தண்ணீரில் மாதத்துக்கு ஒரு பூவாகப் போட்டு, கூடியிருக்கும் ஆண்கள் நடுவே கொண்டுபோய்க் காட்டுவார்கள். மூன்று பூ மிதந்தால் மூன்று மாதம். அவர்கள் எண்ணிப் பார்த்துத் தலையாட்டிவிட்டால், பின்னால் பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் யாரென்று எவனும் கேட்க முடியாது. அப்பன் காணியில் அதற்குப் பங்கு உண்டு, அப்பன் பேர் உண்டு.

முத்துப்பேச்சிக்கு இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. அவளுக்கு அது தெரியும். இருந்தும் இல்லை என்று தலையாட்டினாள். கிழவி செம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஏன் தலையாட்டினாள்? பூப் போட்டால் அடுத்த கேள்வி வரும். சின்னக்கருப்பு மலைக்குப் போனது ஐப்பசியில். நடுவில் ஒரு நாள்கூட இறங்கி வரவில்லை. அப்படியானால் இரண்டு பூ எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், மாசியில் தான் சொன்ன பொய்யை அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அந்தப் பொய் இதுதான். பொட்டிப்புரத்தில் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து, போய் நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று மாமியார் சங்கிலியம்மாளிடம் சொல்லிவிட்டு, பொட்டிப்புரத்துக்கு நேர் எதிர்த்திசையில் மலை ஏறினாள். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் புருசனை மலைக்கு அனுப்பிவிட்டு, மாமியாரும் மூத்த மச்சான் வீரபாண்டியும் இருக்கிற வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்க அவளால் முடியவில்லை. புருசனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். அதனால் சொல்லவில்லை. கேப்பை மாவும் கருவாடும் எடுத்துக்கொண்டாள். அவற்றை வைக்க, பரணில் இருந்த மாமியாரின் புதுப் பெட்டியையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

அது சாதாரணப் பெட்டி இல்லை. சங்கிலியம்மாள் பனையோலையில் முடைந்தது. நான்கு பக்கமும் கறுப்புச் சாயம் ஏற்றிய ஓலையால் ஒரு மரம் தெரியும்படி முடைந்திருந்தாள். கிளைக்குக் கிளை கட்டம் கட்டமாகப் பூ. அவள் வாழ்நாளில் அப்படி ஒன்று முடைந்ததில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மலையில் மூன்று இரவு. புல்லு வேய்ந்த குடிசை ஒன்றை இரண்டாள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். கூட இருந்த பேச்சிமுத்து கம்பளியைத் தூக்கிக்கொண்டு வேறு குடிசைக்குப் போய்விட்டான். அந்த நல்ல மனிதனும் பங்குனிக் காய்ச்சலில் போனான். அவளை அங்கே பார்த்த மற்றவர்கள் எல்லாரும் கிழக்குச் சீமை ஆட்கள், வேலை நின்றதும் எங்கெங்கோ கலைந்துவிட்டார்கள்.

திரும்பும் நாளில் சின்னக்கருப்பு மலையடி வரைக்கும் கொண்டுவந்து விட வந்தான். முதல் வளைவில் நிற்கிற முள்ளிலவு மரத்தடியில் மூன்று கால் நட்ட பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, தலையில் கறுப்புத் துணியை மூடிக்கொண்டு ஒருவர் நின்றார். மதுரையிலிருந்து வந்தவர், ஞானசிகாமணி என்று பேர். காட்டிலாகா துரை ஒருவர் மரங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறாராம், அதற்குப் படம் பிடிக்கிறார். மரத்தின் பருமன் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றார்.

"ஏப்பா, நீ வந்து வேர் பக்கத்துல நில்லு. அந்தப் பொம்பளைய அங்கிட்டுப் போகச் சொல்லு."

"அவ நின்னாத்தான் நான் நிப்பேன்," என்றான் சின்னக்கருப்பு.

ஐந்து மாதக் குடித்தனத்திலும் மூன்று இரவு மலைவாசத்திலும் அவன் அவளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம்தான் பேசினான், அதையும் அடுத்த ஆளிடம் பேசினான்.

ஓலைப் பெட்டியை அவள் தலையிலிருந்து இறக்கி வேரடியில் வைக்கச் சொன்னார் ஞானசிகாமணி. "பத்து எண்ணுவேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடப்படாது, அசையப்படாது."

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். ஐந்தில் சின்னக்கருப்பு உதடு அசையாமல் முணுமுணுத்தான்: "அசைஞ்சேன்னு வையி, அந்தப் பொட்டிக்குள்ள அடச்சுத் தூக்கிட்டுப் போயிருவாக." முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கெட்டுது போ," என்றார் ஞானசிகாமணி. இரண்டாவது தடவை சின்னக்கருப்புவை மட்டும் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

பிரிகிற நேரத்தில் ஓலைப் பெட்டியை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். "இருக்கட்டும். ஆத்தா முடஞ்சது." பெட்டி மலைக்கே திரும்பிப் போனது. பங்குனிக்குப் பிறகு அது என்ன ஆனதோ.

கூடலூரில் சங்கிலியம்மாள் பெட்டியைக் காணோம் என்று பரணைத் தலைகீழாக்கித் தேடினாள். பிறகு, பக்கத்து வீட்டுக் காமாயிதான் எடுத்திருப்பாள் என்று தானே முடிவு செய்து, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். காமாயி சும்மா விடுகிற ஆள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. முத்துப்பேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கம்பு குத்திக்கொண்டிருந்தாள். ஒரு பொய் இன்னொருத்தியின் தலையில் போய் விடிந்தது. அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

ஆனி கடைசியில் வயிறு தெரிந்தது. சேலையை எப்படிச் சுற்றினாலும் தெரிந்தது.

வீரபாண்டி முதலில் பொட்டிப்புரத்துக்கு ஆள் அனுப்பினான். மாசியில் அங்கே காதுகுத்தும் இல்லை, முத்துப்பேச்சி போகவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சாவடியில் வைத்து ஊரைக் கூட்டினான். ஆற்றங்கரையில் தம்பி பங்குக்கு இருந்த அரைக் காணி நஞ்சை அவன் கண்ணில் நின்றதை அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அவள் நடத்தையைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசினார்கள்.

"நான் மலைக்குப் போனேன். என் புருசனத்தான் பாத்தேன்," என்றாள் முத்துப்பேச்சி.

"யாரு பாத்தது?"

பார்த்தவர்களில் ஒருவன் செத்துவிட்டான், மற்றவர்கள் ஊர் தெரியாது. அதை அவள் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஊர் அம்பலம் செல்லப்பாண்டி கெட்டவர் இல்லை, அவசரப்படுகிறவரும் இல்லை. "ஆடி மூணாம் வெள்ளி வரைக்கும் தவண. அதுக்குள்ள சாட்சி கொண்டா. இல்லையின்னா அந்த வீட்டுல ஒனக்கும் புள்ளைக்கும் பாத்தியத இல்ல. வீரபாண்டி சொல்றபடிதான்," என்றார். வீரபாண்டி சொல்கிறபடி என்றால் பிள்ளைக்குப் பேர் இல்லை, அவளுக்குக் கூரை இல்லை. பொட்டிப்புரத்து அண்ணனும் சேர்க்க மாட்டான். அவன் ஏற்கெனவே வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போயிருந்தான்.

இரண்டாம் வெள்ளி போயிற்று. மூன்றாம் வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மாடு மேய்த்துத் திரும்பிய முத்துவீரன் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. "அந்த மரப் படக்காரரு மறுபடி வந்துருக்காராம்ல. கம்பத்துல முசாபரி பங்களாவுல எறங்கியிருக்காக. பூ இருக்கையில ஒண்ணு, எல இருக்கையில ஒண்ணு பிடிக்கணுமாம். வேற சோலி இல்ல."

விடிந்ததும் கம்பத்துக்கு நடந்தாள். ஒரு காதம்கூட இல்லாத தூரம், ஆறு மாத வயிற்றோடு நடக்க இரண்டு காதம் போல இருந்தது. பங்களா வேலிக்கு வெளியே அரை நாழிகை நிறுத்திவைத்து, பிறகு உள்ளே விட்டார்கள்.

ஞானசிகாமணிக்கு அவளை நினைவில்லை. மரத்தைச் சொன்னதும் நினைவு வந்தது.

"ஓ, அசைஞ்ச பொம்பள."

"அந்தப் படம் வேணுங்க ஐயா."

"அது கெட்டுப்போன படம்மா. ஒம் புருசன் தனியா நிக்கிறாரே, அதுதான் புஸ்தகத்துக்குப் போயிருக்கு. கெட்டத சொரண்டிட்டுக் கண்ணாடிய மறுபடி உபயோகிச்சுக்குவோம்."

"சொரண்டிட்டீகளா?"

அவள் கேட்ட விதத்தில் அவர் எழுந்துவிட்டார். உள்ளே மரப்பெட்டிக்குள் கண்ணாடிகள் தாள் சுற்றி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆலமரம், தேக்கு, மருதம், மறுபடி தேக்கு. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு ஆள் விறைத்து நின்றான். பதினேழாவதோ பதினெட்டாவதோ கண்ணாடியில் அவர் கை நின்றது.

முத்துப்பேச்சி எட்டிப் பார்த்தவள் பின்வாங்கினாள். கண்ணாடிக்குள் வானம் கறுப்பு, ஆள் வெள்ளை. சின்னக்கருப்பு சாம்பல் பூசிய பிசாசு மாதிரி நின்றான்.

"பயப்படாத. இது விதை மாதிரி. வெயில்ல வச்சாத்தான் மொளைக்கும்." கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளை வைத்துச் சட்டத்தில் பூட்டி, முற்றத்து வெயிலில் சாய்த்துவைத்தார். அவள் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தாளில் முதலில் வேர் வந்தது. பிறகு முள்ளு முள்ளாக அடிமரம், தாழ்ந்த கிளை, கிளையில் இலையே இல்லாமல் கிண்ணம் கிண்ணமாகப் பூ, தரையெல்லாம் உதிர்ந்த பூ. கடைசியில் கேப்பைக் களி நிறத்தில் அவள் புருசன் வந்தான். நான்கு விரல் உயரம் இருந்தான்.

தாளை என்னென்னவோ தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கொடுக்க மத்தியானம் ஆனது. பின்பக்கம் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதுறீக?"

"மரத்துப் பேரு. எத்தன அடி, அதெல்லாம்."

"புஸ்தகத்துல அவரு பேரு போடுவாகளா?"

"அவரு எதுக்கும்மா? மரத்துப் பேரு போடுவாக. ஆளு அளவுக்கு நிக்கிறது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கொஞ்சம் தடுமாறி, "பேரு என்ன?" என்று கேட்டார். கேட்டு, பின்பக்கத்தில் மரத்துக்குக் கீழே சின்னக்கருப்பு என்று தமிழில் எழுதினார். அவள் பேரையும் கேட்டு எழுதினார். ஆனால் சாவடிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் வரவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் போடி போய்ச் சேர வேண்டும், ஊர்ச் சண்டையில் தலையிட்டால் துரை சீட்டைக் கிழித்துவிடுவார். அவருக்கும் பயம். அந்தப் பயம் முத்துப்பேச்சிக்குப் புரியாததில்லை.

மூன்றாம் வெள்ளி காலையில் சாவடியில் படத்தை அம்பலம் கையில் கொடுத்தாள். அவர் தலைகீழாகப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர் திருப்பிக் கொடுத்தார். ஊரில் அதற்கு முன் ஒருவரும் இப்படி ஒரு படம் பார்த்ததில்லை. சாவடி முழுக்க அந்தத் தாளின்மேல் கவிழ்ந்தது.

"பூ செவப்பா இல்லையேப்பா."

"நெறம் பிடிக்க மாட்டாகளாம்."

முத்துவீரன் மட்டும் ஒரே பார்வையில் சொன்னான். "மொதல் வளைவு முள்ளிலவு. இந்தா, இடி விழுந்த கொம்பு. எல ஒண்ணு கெடையாது, பூவு தரையில கொட்டிக் கெடக்கு. மாசி. மாசியிலயும் நடுவுல. பங்குனி பெறந்துட்டா காய் பிடிச்சுரும்."

மரம் எப்போது பூக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பெண் சொன்னதை ஒரு மாதமாக நம்பாத சாவடி, மரம் சொன்னதை ஒரு நொடியில் நம்பியது.

வீரபாண்டி படத்தை வாங்கிப் பார்த்தான். தம்பி முகத்தில் அவன் கண் நின்று, விலகியது. "தம்பிதான். ஆனா இவன் போன வருசமும்தான மலைக்குப் போனான்? இது போன வருசத்து மாசியா இருக்கும். பக்கத்துல நிக்கிறவளுக்குத்தான் மூஞ்சியே இல்லையே. எவளோ ஒருத்தி."

உண்மைதான். அவள் திரும்பிய இடத்தில் முகம் கலைந்து, புகை மாதிரி இருந்தது. ஒரு சிரிப்புக்குப் போன முகம்.

சாவடி மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியது. முத்துப்பேச்சி குரலை உயர்த்தவில்லை. "என் மூஞ்சி அசைஞ்சுபோச்சு. வேரடியில ஒரு பெட்டி இருக்கு, அது அசையல. அது எந்த வருசத்துப் பெட்டின்னு எங்க அத்தையக் கேளுங்க."

சங்கிலியம்மாள் பெண்கள் கூட்டத்தோடு வெளியே நின்றாள். ஒரு மாதமாக அவள் மருமகளுக்குச் சாதகமாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. கஞ்சியை ஊற்றி நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். மூத்த மகன் வீட்டில்தான் அவள் மிச்ச காலமும் கழிய வேண்டும்.

படத்தை அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். உடம்பாகக்கூடப் பார்க்கக் கிடைக்காத மகன் காலை அகட்டி, கையை விறைத்து, உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் விரலை வைத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகுதான் விரல் கீழே இறங்கி வேரடிக்கு வந்தது. பெட்டியின் ஒரு பக்கம் தெரிந்தது. கறுப்போலை மரம், கிளைக்குக் கிளை பூ. வலப்புறம் ஒரு கிளை மட்டும் மொட்டையாக இருந்தது.

அவள் நிமிர்ந்து காமாயியைப் பார்த்தாள். மூத்த மகனைப் பார்த்தாள். இதைச் சொன்னால் ஆறு மாதமாக வைத வசவெல்லாம் தன் வாய்க்கே திரும்பி வரும், மகன் வீட்டுச் சோறும் கசக்கும். இரண்டும் அவளுக்குத் தெரியும்.

"ஏலே வீரபாண்டி," என்றாள். "இது நான் முடஞ்ச பெட்டி. ஒந்தம்பி மலைக்குப் போனப்பறம், கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாளு முடிச்சேன். இந்தா இந்தக் கொம்புக்குப் பூ இல்ல. சாய ஓல தீந்துபோச்சு, விட்டுட்டேன். போன வருசத்து மாசியில இந்தப் பெட்டி பனமரத்துல ஓலையாத்தான் நின்னுச்சு."

வீரபாண்டி வாயைத் திறந்தான். "ஆத்தா..."

"மாசியிலதான் இது காணாமப் போச்சு. ஊருக்கே தெரியும். நான் போட்ட கூப்பாடு அப்பிடி."

"அப்ப நான் திருடல," என்றாள் காமாயி, கூட்டத்திலிருந்து.

"நீ திருடலத்தா."

"சத்தமாச் சொல்லுங்க மதினி. வஞ்சப்ப தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

"நீ திருடல," என்றாள் சங்கிலியம்மாள், தெருக்கோடி வரை கேட்கும்படி. சிரித்தவர்கள் அம்பலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

செல்லப்பாண்டி தொண்டையைக் கனைத்தார். "எல்லாஞ் சரி. கருமாதியன்னைக்கு ஏன்த்தா பூப் போடல? அன்னைக்கே போட்டுருந்தா இம்புட்டு இல்லையே."

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒங்க எல்லாத்துக்கும்தான்," என்றாள் முத்துப்பேச்சி.

அவர் பெண்கள் பக்கம் திரும்பி, "பூவப் போட்டுருங்க" என்றார். காலம் தவறி எப்படிப் பூப் போடுவது என்று வீரபாண்டி எழுந்தான். அவனை யாரும் திரும்பிப் பார்க்காததால் மறுபடி உட்கார்ந்தான்.

சங்கிலியம்மாள் வீட்டுக்கு ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்தாள். அவசரத்தில் பூ மறந்துவிட்டது. காமாயி தன் வேலியிலிருந்து ஒரு கை ஆவாரம்பூவைப் பறித்துவந்து நீட்டினாள்.

"திருடி வீட்டுப் பூ. ஆகுமா?"

"குடுடி பேசாம."

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சங்கிலியம்மாள் ஒவ்வொன்றாகப் போட்டாள். மஞ்சளாக ஆறு பூ மிதந்தது. மாமியார் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, மருமகள் பின்னால் போனாள். கொடுக்காமல் வைத்துக்கொண்ட படம் சங்கிலியம்மாளின் இடுப்பில் செருகியிருந்தது. அது இனித் தன் கைக்கு வராது என்று முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. வராமல் போகட்டும்.

ஆண்கள் நடுவே செம்பை வைத்தார்கள். செல்லப்பாண்டி குனிந்து, விரலை நீட்டி, உரக்க எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முத்துப்பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து என்றபோது பக்கத்தில் யாரோ முணுமுணுத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவள் திரும்பவில்லை. ஆறு எண்ணி முடிகிறவரை அசையவே இல்லை. வயிற்றுக்குள் இருந்ததுதான் அசைந்தது.